தள்ளுபடிக் கடையில் ஷாம்பு வாங்குகிறவர்களுக்கு

ஷாம்பு ஒவ்வாமையோடு தோல் மருத்துவரான என்னிடம் வருகிறவர்களில் பலர் தலையைக் காட்டுவதில்லை. கண் இமையையும் காதுமடலின் பின்புறத்தையும் பிடரியையும்தான் காட்டுகிறார்கள். அலசும்போது நுரை வழிந்து இறங்கும் வழி அது; இமைத் தோலோ மிக மெல்லியது.

வீட்டிலேயே பியூட்டி பார்லர் நடத்தும் அம்மா ஒருவர் இப்படித்தான் பிடரி முழுவதும் சொறிந்து புண்ணாகி வந்தார். அழகுசாதனப் பொருள்களைத் தள்ளுபடியில் விற்கும் கடையொன்றில் ஐந்து லிட்டர் கேனாக ஷாம்பு வாங்கி, தண்ணீர் கலந்து, பழைய பாட்டில்களில் ஊற்றி, வாடிக்கையாளர்களுக்கும் தமக்கும் பயன்படுத்தியிருக்கிறார். கேனைக் கொண்டுவரச் சொன்னேன். லேபிளின் ஓரம் பிரிந்திருந்தது. நகத்தால் உரித்தபோது அடியில் இன்னொரு லேபிள் இருந்தது, அதில் காலாவதித் தேதி முடிந்து ஏழு மாதமாகியிருந்தது. சந்தேகப்படும் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில், அவருக்கு ஒவ்வாதது மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற, ஷாம்பு கெடாமலிருக்கச் சேர்க்கும் பதப்படுத்தும் பொருள் எனத் தெரிந்தது. அந்தப் பெயர் அடியில் மறைந்த லேபிளில் இருந்தது. மேலே ஒட்டியதில் உட்பொருள் பட்டியலே இல்லை.

விலை குறைவு என்பதாலேயே பொருள் மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். அட்டை வடிவம் மாறியதாலோ தேதி நெருங்கியதாலோ நல்ல சரக்கும் மலிவாக வரும். ஆனால் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உற்பத்தியாளர் பெயர், முகவரி, உரிம எண், தயாரிப்புத் தொகுதியைக் குறிக்கும் பேட்ச் (batch) எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், உட்பொருள்கள் ஆகியவை லேபிளில் இருந்தாக வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் வேண்டும். இவற்றில் ஒன்று அழிந்திருந்தாலும், மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தாலும் அதை வாங்காதீர்கள், பாதி விலைக்குக் கொடுத்தாலும்கூட.

கடைக்காரர் கையில் தேய்த்துக் காட்டும் நுரையை நம்பவேண்டாம். நுரையின் அளவுக்கும் அழுக்கு நீங்குவதற்கும் நேரடித் தொடர்பில்லை. தண்ணீர் கலந்து வைப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்: பதப்படுத்தும் பொருள் நீர்த்துப்போனால் பாட்டிலுக்குள் பாக்டீரியா வளரும். பொடுகுக்கான இரண்டு சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பு மருந்து வகையைச் சேர்ந்தது, அதை மருந்துக் கடையில்தான் வாங்க வேண்டும்.

அந்த அம்மா இப்போது சீல் உடையாத சிறு பாட்டில்களையே வாங்குகிறார். கடைக்குப் போகும்போது அந்தப் பதப்படுத்தும் பொருளின் பெயரை ஆங்கில எழுத்தில் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப்போய், பாட்டிலின் பின்புறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். பிடரிப் புண் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது.