ஊசிஸ்ட்: தமிழில் என்ன சொல்வது?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பீலித் தண்ணீர் (ஊற்றிலிருந்து வந்து விழுகிற தண்ணீர்) பற்றிப் பேச லயத்து வரிசை வீட்டு ஆட்கள் கூடியிருந்தோம். ஊற்றுக்கு மேலே மாட்டுக் கொட்டில் இருக்கிறது, அந்த மண்ணில் ஒட்டுண்ணி இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும் என்று சொன்னேன். பின்னால் நின்ற ஒரு அத்தை, "மாட்டு உண்ணியா தம்பி? அது தண்ணிக்குள்ள எப்புடி உசுரோட இருக்கும்?" என்று கேட்டுவிட்டார்.

ஒட்டுண்ணி நல்ல சொல்தான், ஒட்டியிருந்து உண்பது. கிரேக்கத்தில் பாரசிட்டோஸ் என்றால் அடுத்தவன் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்பவன், நம் பேச்சில் ஓசிச்சோறு. ஆனால் மண்ணில் கிடப்பது எதையும் உண்பதில்லை. தடித்த ஓட்டுக்குள் அடங்கி, அடுத்த குடல் கிடைக்கும்வரை சும்மா கிடக்கும். அந்த நிலைக்குத்தான் ஊசிஸ்ட் என்று பெயர் (ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). கிரேக்கத்தில் ஊவோன் முட்டை, கிஸ்டிஸ் பை.

அப்படியே முட்டைப்பை என்று போட்டால் கோழி ஞாபகம் வரும், கட்டி என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெயர் தானாக வரும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை 1907இல் எலியின் இரைப்பையில் கண்டவர் அமெரிக்க மருத்துவர் டைசர், பெயர் வைத்தவரும் அவரே. மறைந்த வித்தி (ஸ்போர்) என்று பொருள். அதன் ஓட்டின் குறுக்களவு 4 முதல் 6 மைக்ரோமீட்டர், உள்ளே நான்கு வித்துயிர்கள், அதாவது குடலில் தொற்றுகிற குட்டி உயிர்கள். ஆகவே வித்திக்கூடு என்பது என் கட்சி. வித்தி பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிற சொல். ஜியார்டியா என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணிக்கு வித்தி கிடையாது, அதனுடையது வெறும் கூடு.

இந்த வித்திக்கூட்டைக் குளோரின் லேசில் அசைக்காது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் குழாய்த் தண்ணீர் குடித்த சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது, அதுவும் சுத்திகரித்த தண்ணீர். வெயிலில் காய்ந்தால் கூடு சீக்கிரம் செத்துப்போகும், குளிர்ந்த ஈர மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும். குளிரும் மழையுமான எங்கள் நுவரெலியா பக்கத்து மண் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, அதன்மேல் கன்றுக்குட்டியின் கழிச்சலும் எருவும் சேர்ந்தால், ஒரு பெரிய மழையில் எல்லாம் ஓடைக்கு வந்துவிடும்.

மண்ணிலிருந்து அதைப் பிரிப்பதுதான் பெரும்பாடு, களிமண் விடாமல் பிடித்துக்கொள்ளும். முதலில் கரைசலில் குலுக்கிக் கழுவி, வடிகட்டி, அப்புறம் கெட்டியான சீனிப்பாகில் விட்டுச் சுழற்றுவார்கள். மண் கீழே போகும், பாகை விடப் பாரம் குறைந்த கூடு மேலே மிதந்து வரும். மேல்மட்டத்தை எடுத்து, கூட்டில் மட்டும் ஒட்டுகிற ஒளிர்சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், பச்சை ஆப்பிள் நிறத்தில் வட்டம் வட்டமாக மின்னும்.

இதையெல்லாம் கேட்ட அத்தை கடைசியில், "அப்ப கொதிக்க வச்சா கூடு வெடிச்சிருமா?" என்றார். வெடிக்காது அத்தை, தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் கூடு கிடக்கும், உள்ளே இருக்கிறது செத்துரும் என்றேன்.