திரையில் தெளிந்த தண்ணீர் ஜாடியில் தெளியவில்லை

எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) கழுவும் ஆலை ஒன்றுக்குப் படிவுத் தொட்டி வடிவமைக்கும் இளம் பொறியாளர் ஒருவர், அந்தத் தொட்டியைக் கணினியில் ஓட்டிப் பார்த்த வீடியோ ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். கலங்கல் நீர் உள்ளே வருகிறது, துகள்கள் சாய்வாக இறங்கி அடியில் படிகின்றன, மறுமுனையில் தெளிந்த நீர் வழிகிறது. தொட்டியின் நீளத்தை அதை வைத்தே முடிவு செய்துவிட்டாராம்.

"தம்பி, துகளோட அளவு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"100 மைக்ரான் சார். சாஃப்ட்வேர்லயே இருந்துச்சு."

எல்லாத் துகளுக்கும் அதே அளவு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆலைத் தண்ணீரை அவர் பார்த்ததே இல்லை.

ஒரு கேன் கழுவுநீர் வரவழைத்து, ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் கலக்கி வைத்தோம். ஒரு நிமிடத்துக்குள் அடியில் மணல் சேர்ந்துவிட்டது. மேலே சாம்பல் நிறக் கலங்கல் அப்படியே நின்றது. மறுநாள் காலையிலும் ஜாடிக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடியவில்லை.

காரணம் 1851-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் தந்த சூத்திரத்திலேயே இருக்கிறது. இறங்கும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அளவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. 35 செ.மீ. ஜாடியில் 100 மைக்ரான் மணல் இறங்க சுமார் 40 விநாடி, 10 மைக்ரான் தூளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல், 1 மைக்ரானுக்கு நான்கு நாளுக்கும் மேல். பெரிய துகளில் இதே சூத்திரம் எதிர்ப்பக்கம் ஏமாற்றும்: 1 மி.மீ. மணல் விநாடிக்கு 90 செ.மீ. இறங்கும் என்று சொல்லும், உண்மையில் 15 செ.மீ. அளவில்தான் இறங்கும்.

அப்புறம் நெரிசல். இறங்கும் துகள்கள் விலக்கிய தண்ணீர் மேலேறி வந்து மற்றவற்றைத் தடுக்கும். கன அளவில் பத்து சதவீதம் துகள் இருந்தாலே வேகம் சுமார் 40 சதவீதம் குறைந்துவிடும். தனித்துகள் கணக்கில் இது வராது. திரையில் தெரியும் ஒவ்வொரு உருண்டையும் பல ஆயிரம் துகள்களுக்கான பிரதிநிதியாகவும் இருக்கலாம். அதை நிஜத் துகள் என்று நினைத்துவிடக் கூடாது.

அதனால் என்னிடம் வருபவர்களை முதலில் ஜாடியை வைக்கச் சொல்கிறேன். கலங்கலின் மேல்மட்டம் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது என்று குறித்து, அந்த ஜாடியையே கணினியில் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகு தொட்டிக்குப் போகலாம்.

தம்பியும் அப்படியே செய்தார். சல்லடை, ஹைட்ரோமீட்டர் (சல்லடையில் நிற்காத நுண்துகளின் அளவை அறிய உதவும் கருவி) சோதனைகளில் கிடைத்த அளவுகளைக் கொடுத்து மறுபடி ஓட்டியபோது, திரையிலும் வெளியேறும் நீர் கலங்கலாகவே வந்தது. சரி, இனி நுண்துகள்களைத் திரட்டி இறக்கப் படிகாரம் எவ்வளவு போடலாம் என்று பேச ஆரம்பித்தோம்.