பக்கத்தில் கட்டப்போகிறார்கள், விஷயம் அப்பீலுக்குப் போய்விட்டது: நாம் என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் பக்கத்து வீட்டுக்காரரின் எக்ஸ்டென்ஷனுக்கோ தெருமுனையில் வரவிருந்த அடுக்குமாடிக்கோ கவுன்சில் அனுமதி மறுத்துவிட்டால், அத்தோடு முடிந்தது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். முடியவில்லை. விண்ணப்பித்தவர் அப்பீல் போகலாம், அதற்குக் கட்டணமும் கிடையாது. வீட்டு விரிவாக்கம் போன்ற சின்ன விண்ணப்பம் என்றால் 12 வாரத்துக்குள், மற்ற பெரும்பாலானவற்றுக்கு 6 மாதத்துக்குள். முடிவெடுப்பது கவுன்சில் அல்ல, பிரிஸ்டலில் தலைமையகம் உள்ள பிளானிங் இன்ஸ்பெக்டரேட் என்ற அரசு அமைப்பு நியமிக்கும் ஒரு இன்ஸ்பெக்டர்.

அக்கம்பக்கத்தாருக்கு இந்த அப்பீல் உரிமை இல்லை. அனுமதி மறுத்தால் கட்டுகிறவர் அப்பீல் போகலாம், அனுமதி கொடுத்தால் நாம் போக முடியாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நமக்கு இருப்பது, மற்றவர் போட்ட அப்பீலில் கருத்துச் சொல்லும் இடம் மட்டும்.

அந்த இடம் எவ்வளவு பெரியது என்பது அப்பீல் எந்த வழியில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானவை எழுத்திலேயே முடிந்துவிடும். வழக்கமான எழுத்துமுறையில், அப்பீல் தொடங்கிய தேதியிலிருந்து 5 வாரத்துக்குள் கருத்தை அனுப்ப வேண்டும். பிந்தி வந்தால் பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் வீட்டு விரிவாக்கங்களுக்கு இருக்கும் விரைவு வழியில் புதிதாக ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. விண்ணப்பம் கவுன்சிலில் இருந்தபோது நாம் எழுதிய கடிதம் மட்டும்தான் இன்ஸ்பெக்டர் கைக்குப் போகும். இந்த விரைவு வழியை வேறு வகை அப்பீல்களுக்கும் நீட்டித்து வருகிறார்கள். அதனால் “முதலில் கவுன்சில் என்ன சொல்கிறது பார்ப்போம், அப்புறம் எழுதலாம்” என்று காத்திருப்பது ஆபத்து. விண்ணப்பம் வந்திருப்பதாகக் கவுன்சில் நோட்டீஸ் வந்ததுமே, எதிர்ப்போ ஆதரவோ, சொல்ல வேண்டியதை முழுதாக எழுதிவிடுங்கள்.

என்ன எழுதுவது? நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். வீட்டின் விலை இறங்கிவிடும், ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும், அந்த மனிதரே சரியில்லை, இவையெல்லாம் எடுபடாது. உங்கள் படுக்கையறைக்குள் நேராகப் பார்க்கிற ஜன்னல், சமையலறைக்கு வரும் வெளிச்சம் மறைவது, சத்தம், போக்குவரத்து, தெருவின் அமைப்புக்குப் பொருந்தாத உயரம், இவை எடுபடும். கவுன்சிலின் லோக்கல் பிளானில், அதாவது அந்தப் பகுதியில் எதை எங்கே எப்படிக் கட்டலாம் என்ற கொள்கை ஆவணத்தில், பொருத்தமான கொள்கை இருந்தால் அதன் எண்ணைக் குறிப்பிடுங்கள். ஒரே கடிதத்தை நகலெடுத்து தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி அனுப்புவதைவிட, அவரவர் வீட்டுக்கு என்ன நடக்கும் என்று தனித்தனியாக எழுதிய கடிதங்களுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் இன்ஸ்பெக்டர் தலைகளை எண்ணுவதில்லை, காரணங்களைத்தான் பார்க்கிறார். உங்கள் பெயர், முகவரியையும், அப்பீலுக்கு எழுதுவதாக இருந்தால் அப்பீல் எண்ணையும் தவறாமல் போடுங்கள், மொட்டைக் கடிதம் செல்லாது. நீங்கள் எழுதியதை எதிர்த் தரப்பும் படிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, பலர் தயங்குவது. திட்டமே வேண்டாம் என்று எழுதிவிட்டு, “ஒருவேளை அனுமதித்தால் பக்கவாட்டு ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி போட வேண்டும், கட்டுமான வேலைக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும்” என்று நிபந்தனைகளையும் கேட்கலாம். அப்படிக் கேட்டால் நீங்கள் ஒப்புக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தோற்றாலும் அந்த மங்கல் கண்ணாடி மிஞ்சலாம்.

இன்ஸ்பெக்டர் இடத்தைப் பார்க்க வரும்போது அவரிடம் வாதாட முடியாது. உங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்தும் பார்த்தால்தான் பாதிப்பு புரியும் என்றால், அதைக் கடிதத்திலேயே கேட்டுவைக்க வேண்டும்.

எழுத்தில் முடியாத அப்பீல்கள் ஹியரிங்காகவோ இன்குயரியாகவோ நடக்கும். ஹியரிங் என்றால் இன்ஸ்பெக்டர் நடத்தும் ஒரு கலந்துரையாடல், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். பெரிய, சிக்கலான திட்டங்களுக்கு இன்குயரி நடக்கும், அதில் வக்கீல்களும் குறுக்கு விசாரணையும் உண்டு. இரண்டுக்கும் யாரும் போய்க் கேட்கலாம், இன்ஸ்பெக்டர் அனுமதித்தால் பேசலாம். பேச விரும்பினால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஊர்ச் சங்கம் ஒன்று இன்குயரியில் முழுத் தரப்பாகவே நிற்க நினைத்தால் ‘ரூல் 6’ தகுதி கேட்கலாம். கிடைத்தால் சாட்சிகளைக் கொண்டுவரலாம், எதிர்த் தரப்புச் சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். ஆனால் வேலை மிக அதிகம், ஆவணங்களைக் குறித்த தேதிக்குள் கொடுத்தாக வேண்டும், முறைகேடாக நடந்துகொண்டால் மற்றவர் செலவும் தலையில் விழலாம்.

தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக இன்ஸ்பெக்டரிடம் மறுபடி போக முடியாது. சட்டப்படி தவறு நடந்திருந்தால் மட்டும் 6 வாரத்துக்குள் ஹைகோர்ட்டை அணுகலாம், அதுவும் முதலில் வக்கீலிடம் கேட்டுவிட்டு.