லினக்ஸ் போடப் போகிறீர்களா? முதலில் ஆதரவு முடியும் தேதியைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாத, இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய மடிக்கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. வன்பொருள் நன்றாக இருக்கும்போதே அவற்றைக் கழித்துக்கட்டுவது வீண் செலவு. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஆனால் எந்த லினக்ஸ் என்று தேடப் போனால் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச், ஓப்பன்சூசே, ஜோரின் என்று நூற்றுக்கணக்கில் பெயர்கள் வந்து நிற்கும். திரையின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் ஆறே மாதத்தில் சலித்துப்போய் விண்டோஸுக்குத் திரும்புகிறார்கள்.

பெயர்கள் பல என்றாலும் குடும்பங்கள் சிலவே. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே கெர்னல், அதாவது வன்பொருளை இயக்கும் மையப் பகுதி. அதன்மேல் மென்பொருள்களைத் தொகுத்து, நிறுவும் வழியும் புதுப்பிக்கும் வழியும் அமைத்துக் கொடுப்பதே டிஸ்ட்ரோ. 1993-இல் பிறந்த டெபியன்தான் இவற்றில் பெரிய ஆலமரம். உபுண்டு அதன் விழுது, மின்ட்டும் ஜோரினும் உபுண்டுவின் விழுதுகள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது நினைவிருக்கலாம். ரெட்ஹாட், ஃபெடோரா, ராக்கி, அல்மா எல்லாம் இன்னொரு குடும்பம். ஆர்ச், மஞ்சாரோ வேறொன்று. ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி ஆகியவை திறமூலம்தான், ஆனால் லினக்ஸே அல்ல, கெர்னலே வேறு. சர்வருக்கு அருமையானவை, வீட்டு மடிக்கணினிக்கு முதல் தேர்வாக வேண்டாம்.

ஆக, பெயரை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை வரும்? புதிய பதிப்புகள் எந்த வேகத்தில் வரும்?

உபுண்டுவையே எடுத்துக்கொள்வோம். 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது, 25.04 என்றால் 2025 ஏப்ரலில் வந்தது. எண் பெரியதாக இருக்கிறதே என்று 25.04-ஐப் போட்டவர்கள் உண்டு. அதற்கு ஆதரவு ஒன்பதே மாதம், 2026 ஜனவரியோடு போயிற்று. ‘எல்டிஎஸ்’ என்ற குறியோடு வந்த 24.04-க்கோ 2029 வரை உண்டு. இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் பதிப்புக்கு மட்டுமே இந்த எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவு. காலம் முடிந்த பதிப்பின் தொகுப்புகளைப் பழைய களஞ்சியத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதன்பின் புதுப்பிக்கச் சொன்னால் 404 என்று பிழை காட்டும். அந்தப் பிழையை இணையக் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுவதுதான் ஆபத்து. லினக்ஸில் வைரஸ் வராது என்ற நம்பிக்கை, புதுப்பிக்காததால் திறந்து கிடக்கும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காது. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதம். ஆண்டுக்கு ஒருமுறையாவது தவறாமல் மேம்படுத்துபவருக்கே அது ஒத்துவரும். டெபியனில் மூன்றாண்டு முழு ஆதரவு, பிறகு இரண்டாண்டு நீட்டிப்பு.

அறிவித்த தேதியும் மாறலாம். சர்வருக்கான சென்ட்ஓஎஸ் 8 என்ற டிஸ்ட்ரோவுக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி சர்வர் அமைத்தார்கள். 2020 டிசம்பரில், அடுத்த ஆண்டு இறுதியோடு முடிகிறது என்று அறிவிப்பு வந்தது. ராக்கியும் அல்மாவும் பிறந்தது அந்த நெருக்கடியில்தான். பின்னால் நிற்பது ஒரு நிறுவனமா, சமூகமா என்பதையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஆர்ச் போன்ற ‘ரோலிங்’ வகையில் பதிப்பெண் என்பதே கிடையாது, புதியது நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும். கேட்க நன்றாக இருக்கும். 2024 மார்ச்சில் என்ன நடந்தது என்று பாருங்கள். எக்ஸ்இஸட் என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு (கள்ளத்தனமாக உள்நுழையும் வழி) வைத்திருந்தார்கள். தொலைவிலிருந்து உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பதிப்புகள் அதற்குள் டெபியனின் சோதனைக் கிளைக்கும் ஓப்பன்சூசே டம்பிள்வீடுக்கும் ஆர்ச்சுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. டெபியனின் நிலைப் பதிப்புக்கு வரவில்லை. வேலைக்கான கணினியில் நிலைப் பதிப்பைப் போடுங்கள்.

பழைய கணினிக்கு வருவோம். 4 ஜிபி ரேம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைச்சூழலோடு வரும் மின்ட் தாராளமாக ஓடும். உபுண்டுவின் க்னோம் திரைச்சூழல் எதையும் திறக்காமலேயே 1 ஜிபிக்கு மேல் விழுங்கிவிடும். உண்மையில் ரேமைத் தின்பது பிரவுசர்தான். எவ்வளவு இலகுவான டிஸ்ட்ரோ போட்டாலும் 2 ஜிபியில் பத்து டேப் திறக்க முடியாது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டால் தெரியும் வேகம், எந்த டிஸ்ட்ரோவை மாற்றினாலும் தெரியாது. ஆட்டம் என்270 போன்ற 32-பிட் செயலி உள்ள நெட்புக் என்றால் டெபியன் 13-ஐ அதில் நிறுவ வழியில்லை. டெபியன் 12-தான் கதி, அதற்கும் 2028 ஜூன் வரைதான்.

நிறுவுவதற்காக இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைச் சரிபார்க்காமல் போடாதீர்கள். 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் இணைப்பைப் பின்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின்மேல் வலது கிளிக் செய்து அதன் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணைப் பெறலாம். அது அதிகாரபூர்வத் தளத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தளத்துக்குள்ளேயே யாராவது புகுந்திருந்தால் அந்த எண்ணையும் மாற்றியிருக்கலாம் என்பதால், வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்யும் ஜிபிஜி கையொப்பத்தையும் சரிபார்ப்பது இன்னும் உறுதி. 8 ஜிபி பென் டிரைவ் போதும். கோப்பை அதில் காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற நிரலைக் கொண்டு எழுத வேண்டும்.

பென் டிரைவிலிருந்து பூட் ஆனதும் நேரே நிறுவப் போகாதீர்கள். லைவ் நிலையிலேயே, அதாவது நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா? ஒலி வருகிறதா? மூடியை மூடித் திறந்தால் திரை மீண்டு வருகிறதா? பிராட்காம் வைஃபை சில்லுகள் தனி டிரைவர் இல்லாமல் கண்ணிலேயே படாது. கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி அதன் இணையத்தில் டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புகளில்) சேமிப்பகம் இன்டெல் ஆர்எஸ்டி என்ற நிலையில் இருக்கும். அதை ஏஎச்சிஐ என்ற நிலைக்கு மாற்ற வேண்டும், ஆனால் மாற்றிய கையோடு பழைய விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடக்கூடும். விண்டோஸையும் வைத்துக்கொள்வதானால் பயாஸில் கைவைக்கும் முன்பே வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் பார்ட்டிஷனை லினக்ஸில் படிக்கலாமே தவிர எழுத முடியாது.

இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்தால் விண்டோஸ் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். பேட்டரி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகக் கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி லினக்ஸ் அமைப்பை மாற்றினால் தீர்ந்தது.

தமிழ் யுனிகோடு எல்லா டிஸ்ட்ரோவிலும் ஒழுங்காகத் தெரியும். ஐபஸ் என்ற தட்டச்சு வசதி வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும். சிக்கல் பழைய கோப்புகளில்தான். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்தவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அந்த எழுத்துரு கோப்புகளையும் மறக்காமல் எடுத்து வந்து நிறுவுங்கள், நேரம் கிடைக்கும்போது யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் காணும் இரண்டு பிரிண்டர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். எச்பி லேசர்ஜெட் 1020, எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்போடு அதன் கூடுதல் பிளகினையும் இறக்கினால்தான் அச்சடிக்கும். பிரிண்டரை ஒவ்வொரு முறை போடும்போதும் அதற்கு ஃபர்ம்வேரை (பிரிண்டரின் உள் மென்பொருளை) அனுப்புவது அந்தப் பிளகின்தான். கேனான் எல்பிபி 2900, கேப்ட் டிரைவர் இருந்தும் அடிக்கடி பாதியில் நின்று பொறுமையைச் சோதிக்கும். கடை வருமானமே அதை நம்பி என்றால் மாறுவதற்கு முன் லைவ் நிலையில் ஒரு பக்கமாவது அச்சடித்துப் பாருங்கள்.

டேலி, பேஜ்மேக்கர், கோரல்டிரா ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் ஒயினில் ஓட்டலாம் என்று சொல்வார்கள், கணக்கு வழக்கை அதில் நம்பி விடாதீர்கள். 8 ஜிபி ரேம் இருந்தால் கணினிக்குள் இன்னொரு கணினி போல இயங்கும் விர்ச்சுவல் பாக்ஸில் விண்டோஸை வைத்து, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் திறந்து மூடுங்கள்.