சபாநாயகர்: வாயா, தலையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஞாயிறுதோறும் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பில், நாட்டு நடப்பைப் பற்றி ஐந்து வரி எழுதிவரச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் முதல் வரி இது: “நாடாளுமன்றத்தின் ஒலிபெருக்கி எல்லாரையும் உட்காரச் சொன்னது.” கைப்பேசியில் ‘ஸ்பீக்கர்’ என்று தட்டியிருக்கிறாள். அது தைப்பூசத்துக்குக் கோயில் வாசலில் கட்டும் குழாயைக் காட்டிக் கைகழுவிவிட்டது. பக்கத்தில் இருந்த பையன் “பேச்சாளர்” என்று திருத்தினான். நான் இருவரையும் தள்ளிவிட்டுச் ‘சபாநாயகர்’ என்று பலகையில் எழுதினேன்.

“சார், இதில் பேசுவது எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள் அவள்.

எங்கேயும் இல்லை. சபை ஒன்று, நாயகர் ஒருவர்; வாய் இல்லை. ஆங்கிலத்தில் பேசுகிறவராக இருப்பவர் தமிழில் தலைமை தாங்குகிறவராகிவிட்டார். இது மொழிபெயர்த்தவரின் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பதவி எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால்தான் எது போயிற்று என்பது புரியும்.

இங்கிலாந்தில் பொதுமக்கள் அவையினர் தனியே கூடி ஒரு முடிவுக்கு வருவார்கள். அதை அரசன் முன் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். 1376இல் அந்த வேலையைச் செய்தவர் பீட்டர் டி லா மேர். மறு ஆண்டு அதே வேலைக்கு வந்த தாமஸ் ஹங்கர்ஃபோர்டுதான் இந்தப் பட்டத்தோடு பதிவேட்டில் இடம்பெற்ற முதல் மனிதர். ஆக, அவர் அவைக்குள் பேசியவர் அல்லர்; அவைக்காக வெளியே பேசியவர். அவர் கொண்டுபோன செய்தியோ பெரும்பாலும் அரசன் கேட்க விரும்பாத செய்தி: வரி தரமாட்டோம், உமது ஆட்கள் திருடுகிறார்கள் என்பது போல. 1394க்கும் 1535க்கும் இடையில் இந்தப் பதவியில் இருந்தவர்களில் ஏழு பேருடைய தலை வெட்டுப்பட்டது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரை உறுப்பினர்கள் கையைப் பிடித்து நாற்காலிக்கு இழுத்துச் செல்லும் சடங்கு லண்டனில் இன்றும் இருக்கிறது. அவரும் வரமாட்டேன் என்று முரண்டுபிடிப்பது போல நடிப்பார். ஒரு காலத்தில் அது நடிப்பாக இருந்திராது.

1642இல் முதலாம் சார்லஸ் படையோடு அவைக்குள் புகுந்து ஐந்து உறுப்பினர்கள் எங்கே என்று கேட்டான். அப்போது சபாநாயகராக இருந்த வில்லியம் லெந்தால் மண்டியிட்டுச் சொன்ன பதில் புகழ்பெற்றது: இந்த அவை பணித்தாலொழியக் காண எனக்குக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை. பதவியின் பொருள் இந்த வாக்கியத்தில் முழுதாக இருக்கிறது. நாக்கு அவருடையது, சொல் அவையினுடையது.

அதற்குப் பிறகு வேலை தலைகீழானது. வெளியே பேசவேண்டிய தேவை குறைந்தது. உள்ளே மற்றவர்களைப் பேசவிடும் வேலை கூடியது. இன்று ‘பேசுபவர்’ என்ற பெயரோடு அந்த அவையிலேயே விவாதத்தில் பேசாத ஒரே ஆள் அவர்தான். பெயர் மட்டும் பழைய சட்டையாக உடம்பில் தொங்குகிறது.

அந்தச் சட்டையைத்தான் ஆங்கிலேயர் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். கேப் காலனியின் அவை 1854இல் கூடியபோது கிறிஸ்டோஃபல் பிராண்ட் நாற்காலியில் அமர்ந்தார். இருபது ஆண்டுகள் எழவில்லை. கேப், நேட்டால் உள்ளிட்ட நான்கு காலனிகளும் 1910இல் ஒன்றியமானபோது முதல் சபாநாயகராக வந்தவர் ஜேம்ஸ் டெனன்ட் மோல்டெனோ. அதன்பின் ஆட்சி மாறியது, கொடி மாறியது, ஒரு கட்டத்தில் நிறத்துக்கு ஓர் அவை என்று மூன்றாகப் பிரித்தும் பார்த்தார்கள். இந்தப் பெயர் மாறவில்லை.

எங்கள் நேட்டாலில் இந்தப் பதவியோடு நமக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. 1894இல் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா நேட்டால் சட்டமன்றத்துக்கு வந்தது. ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டியிருந்த காந்தியை டர்பன் வணிகர்கள் பிடித்து நிறுத்தினார்கள். அன்று அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, சட்டமன்றத்தின் சபாநாயகருக்கு ஒரு தந்தி: விவாதத்தைத் தள்ளிவையுங்கள். இரண்டு நாள் தள்ளிவைக்கப்படும் என்று அவரும் உடனே பதில் அனுப்பினார். அந்த இரண்டு நாளில் ஆளாளுக்கு உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படியெடுத்தார்கள். குழந்தைவேலுப் பிள்ளை, ரங்கசாமி படையாட்சி போன்ற தமிழர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். மசோதா நிறைவேறிவிட்டது என்பது வேறு கதை. எனக்கு முக்கியம் அந்தத் தந்தியின் முகவரி. அவையில் நமக்கு ஓர் இருக்கைகூட இல்லை. ஆனாலும் அவையோடு பேச ஒரு முகவரி இருந்தது. லெந்தாலின் நாக்கைப் போலவே இவருக்கு ஒரு காதும் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

நூறாண்டு கழித்து, 1994 மே 9ஆம் தேதி, நாட்டின் தேசியப் பேரவையில் அதே பதவிக்கு ஃப்ரீன் ஜின்வாலா தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜோஹன்னஸ்பர்கில் பிறந்த பார்சிப் பெண்; புடவை கட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் அமர்ந்தவர். மண்டேலாவைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்த அதே கூட்டம் அது. அவருக்குப் பிறகு இன்றுவரை வந்தவர்களில் மாக்ஸ் சிசுலு ஒருவரே ஆண். ‘நாயகர்’ என்ற சொல் இங்கே கொஞ்சம் நெளிகிறது. ‘அர்’ விகுதி பெண்ணுக்கும் பொருந்தும் என்று இலக்கணம் சொல்லலாம். ஆனால் நாயகர் என்றதும் மீசைதான் நினைவுக்கு வருகிறது.

வகுப்பில் அந்தப் பெண் அடுத்த குண்டைப் போட்டாள். “பள்ளியில் சுலு மொழி டீச்சர் ‘சோம்லோமோ’ என்றல்லவா சொல்லித்தந்தார்?” நான் வாரநாளில் வேலை பார்க்கும் பள்ளியில் சுலு கற்பிக்கும் அம்மையாரிடம் மறுநாளே விசாரித்தேன். ‘உம்லோமோ’ என்றால் வாய். முன்னால் வரும் ‘சோ’ தந்தையைக் குறிப்பது. ஒன்றில் வல்லவரை, ஒன்றை உடையவரை அப்படிச் சொல்வது அவர்கள் வழக்கம். ‘உல்வாசி’ அறிவு, ‘உசோல்வாசி’ பேராசிரியர். ஆக, சோம்லோமோ என்பவர் வாயின் தந்தை. பெண்ணானாலும் அதே பெயர்தான். தந்தை என்பதைப் பற்றி அங்கே யாரும் அலட்டிக்கொள்வதில்லை என்றார் அவர். நாம் தொலைத்ததை அண்டை வீட்டார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

தமிழில் வாய் தொலைந்ததற்குக் காரணம் உண்டு. நாம் இந்தச் சொல்லைத் தேடும் முன்பே நம் கையில் ‘அக்கிராசனர்’ இருந்தது. அக்கிரம் என்றால் முதல், முன், ஆசனம் இருக்கை. முதல் இருக்கையில் அமர்பவர். என் தாத்தாவின் தகரப்பெட்டியில், ஓரம் பொடிந்துபோன சங்கக் கூட்ட நோட்டீஸ் ஒன்று கிடக்கிறது. அதில் ‘அக்கிராசனம் வகிப்பவர்’ என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்து, பேசப்போகிறவரின் பெயர் அதில் பாதி. 1920களில் சென்னைச் சட்டசபைக்குத் தலைமை வகித்தவரின் பட்டமும் ஆங்கிலத்தில் ‘பிரசிடென்ட்’தான், பஞ்சாங்கக் கணக்கில் பேரறிஞரான எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை அப்படி ஒரு பிரசிடென்ட். 1937இல் புலுசு சாம்பமூர்த்தி வந்தபோதுதான் அங்கே ‘ஸ்பீக்கர்’ என்ற பட்டம் வந்தது. பட்டம் மாறியது, நாற்காலியையே பார்த்துப் பழகிய நம் கண் மாறவில்லை. சபாநாயகர் என்ற சொல்லின் நடையும் நாற்காலியின் நடைதான்.

‘சபா’ வடசொல் என்று சொல்லி ‘அவை’க்குப் போவோர் உண்டு. அவையும் சபாவின் திரிபே என்பார் சிலர். இல்லை, தனித்தமிழே என்பார் சிலர். அந்தச் சண்டையில் நான் இறங்கவில்லை. எப்படியானாலும் சொல் நமக்குள் ஊறிப்போனது. அவையறிதல், அவையஞ்சாமை என்று வள்ளுவர் இரண்டு அதிகாரம் வைத்தார். தொல்காப்பியம் ‘அவையல் கிளவி’ என்கிறது: அவையில் சொல்லத்தகாத சொல். அவைக்குறிப்பிலிருந்து நீக்குமாறு இன்று உத்தரவிடுகிறார்களே, அந்தச் சொற்களுக்கு இதைவிடச் சுருக்கமான பெயர் எந்த நாடாளுமன்றத்திலாவது இருக்குமா?

மன்றம் இடம், அவை ஆட்கள். 2022 ஜனவரி 2ஆம் தேதி கேப் டவுனில் நம் நாடாளுமன்றக் கட்டடத்தில் தீப்பிடித்தது. தேசியப் பேரவை கூடும் மண்டபம் எரிந்துபோனது. பேரவையோ நகர மண்டபத்துக்குப் போய் அங்கே கூடியது. மன்றம் எரிந்தது, அவை எரியவில்லை என்று ஒரே வரியில் சொல்லத் தமிழில் முடிகிறது.

இனி, பேசுபவரும் நடுவில் நிற்பவரும் ஒன்றாகச் சேர்ந்த ஆள் நம் வரலாற்றில் இல்லையா? இருந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை வரிவரியாகச் சொல்கின்றன. குடத்திலிருந்து ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை மத்தியஸ்தன் வாங்கவேண்டும், எப்படி? ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில். பிறகு உரக்க வாசிக்கவேண்டும். கைக்குள் எதையும் மறைக்கவில்லை என்று ஊர் முழுக்கப் பார்க்கும். வாயிலிருந்து வரும் பெயர் அவையின் முடிவாகும். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டப்படி, தலைமை வகிப்பவருக்குச் சாதாரணமாக வாக்கு இல்லை. இருபுறமும் சமமாக நிற்கும்போதுதான் அவர் வாக்களித்துத் தீர்க்கவேண்டும். இருபுறத்துக்கும் நடுவில் நிற்பவர் என்பதுதான் மத்தியஸ்தன். எனக்கு ஆசைதான். ஆனால் இன்று மத்தியஸ்தர் என்றால் சொத்துத் தகராறுக்கும் கணவன் மனைவி சண்டைக்கும் கூப்பிடும் பெரியவர். காலம் கடந்துவிட்டது.

எஞ்சியிருப்பது ‘தலைவர்’. தமிழ்நாட்டில் பேரவைத் தலைவர், இந்திய நாடாளுமன்றத்தில் மக்களவைத் தலைவர் என்று அது வேரூன்றிவிட்டது. இலங்கையில் சபாநாயகரே நிலைத்திருக்கிறார். தலைவரில் ஒரு தொல்லை, கூட்டம் அதிகம். ‘பேரவைத் தலைவர், குடியரசுத் தலைவரின் உரையின்போது குறுக்கிட்ட எதிர்க்கட்சித் தலைவரை எச்சரித்தார்’ என்று ஒரு செய்தி எழுதிப்பாருங்கள். கேப் டவுனில் மாகாணங்களின் தேசியக் கவுன்சிலுக்கு வேறு ஒரு தலைவர் இருக்கிறார். ஆங்கிலத்தில் அவர் ஸ்பீக்கர் அல்லர். இருவரையும் அவைத்தலைவர் என்றால் குழப்பம்தான். எனவே என் வகுப்பில் வழக்கு இது: தேசியப் பேரவைத் தலைவர், மாகாண அவைத் தலைவர். அவையின் பெயரைச் சேர்த்தே சொல்லவேண்டும். சபாநாயகர் என்று யாரும் எழுதினால் அடிப்பதில்லை, செய்தித்தாள் படிக்கவேண்டுமே. பேச்சாளருக்கு மட்டும் சிவப்பு மை.

நம் அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு, மதித்துப் பேணவேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆட்சிமொழிகளில் அது இல்லை. ஆகவே கேப் டவுனில் யாரும் எழுந்து ‘பேரவைத் தலைவர் அவர்களே’ என்று தொடங்கப்போவதில்லை. தொடங்கினால் சாட்ஸ்வொர்த்தில், இரும்பு நாற்காலிகளுக்கு நடுவில், எங்கள் வகுப்பு விவாதத்தில்தான்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் குறிப்பேட்டை நீட்டினாள். ஒலிபெருக்கியை அடித்துவிட்டுப் ‘பேரவைத் தலைவர்’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில், பென்சிலில், தமிழ் எழுத்தில்: சோம்லோமோ. நான் அதை அழிக்கச் சொல்லவில்லை.