கழிவாகப் போனால் தடை, கூழாகப் போனால் அனுமதி

சீனாவிலிருந்து டிவியும் பொம்மையும் ஏற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போகும் கண்டெய்னர்கள் பலவற்றுக்குத் திரும்பும்போது சரக்கு கிடைப்பதில்லை. அமெரிக்கா அங்கிருந்து வாங்குவது அதிகம், விற்பது குறைவு. காலியாக வருவதைவிடக் கிடைத்தவரை லாபம் என்று கப்பல் கம்பெனிகள் குறைந்த வாடகைக்கு இடம் கொடுத்தன. அதில் ஏறியது பழைய அட்டை.

சாங் யின் என்ற பெண்மணி இதை வைத்தே பெரும் பணக்காரரானார். 1990-ல் லாஸ் ஏஞ்சலஸில் பழைய காகித ஏற்றுமதி, 1995-ல் சீனாவின் டோங்குவானில் நைன் டிராகன்ஸ் ஆலை. அமெரிக்கர்கள் வீசிய பெட்டி அங்கே புதுப்பெட்டியாகி, உள்ளே புதுப்பொருளோடு மறுபடி அமெரிக்காவுக்கே போனது.

சீனாவில் பழைய அட்டை இல்லாமலா? இருந்தது. ஆனால் காகித நார் ஒவ்வொரு முறை கூழாகும்போதும் குட்டையாகி வலுவிழக்கும். அமெரிக்க அட்டையில் பைன் போன்ற ஊசியிலை மரங்களின் நீள நார் உண்டு. பெட்டி கிழியாமலிருக்க அதுதான் வேண்டும்.

சிக்கல் பேலுக்குள், அதாவது பழைய காகிதத்தை அழுத்திக் கட்டிய கட்டுக்குள் இருந்தது. அமெரிக்காவின் பல ஊர்களில் காகிதம், பாட்டில், தகரம் எல்லாம் ஒரே தொட்டியில்தான் விழும். எவ்வளவு பிரித்தாலும் பிளாஸ்டிக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் கூடவே வரும். தரம் பிரிக்காத காகிதம் உட்பட 24 வகைக் கழிவுகளைத் தடை செய்யப்போவதாக 2017-ல் உலக வர்த்தக அமைப்பிடம் சீனா அறிவித்தது. 2018 மார்ச் முதல், மற்ற பழைய காகிதத்திலும் கலப்படம் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. பிரிப்புக்கூடங்கள் திணறிப்போயின. திணறட்டும் என்றுதான் அந்த எண்ணை வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 2021 ஜனவரியில் திடக்கழிவு இறக்குமதிக்கே தடை வந்துவிட்டது.

சரி, நார் வேண்டுமே? சுங்கப் பட்டியலில் பழைய காகிதத்தின் எண் 4707. அதையே கரைத்துக் கூழாக்கினால் 4706. முதலாவது கழிவு, இரண்டாவது சரக்கு. நைன் டிராகன்ஸ் 2018-ல் விஸ்கான்சின், மேற்கு விர்ஜீனியா உள்ளிட்ட அமெரிக்க மாநிலங்களில் ஆலைகளை வாங்கி, பழைய காகிதத்தை அங்கேயே கூழாக்கத் தொடங்கியது. பிளாஸ்டிக்கும் கம்பியும் கழிவுநீரும் அமெரிக்காவிலேயே நின்றுவிட, நார் மட்டும் கப்பலேறியது. தடை போட்டவர்கள் இதை ஓட்டை என்று நினைத்திருக்க மாட்டார்கள். அழுக்கு வராமல் நார் வந்தால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

கூழாக்காத பேல்கள் இந்தியா, இந்தோனேசியா, மலேசியா, வியட்நாம் பக்கம் திரும்பின. அந்த அழுக்கைக் கழுவும் வேலையும் செலவும் இப்போது இங்குள்ள ஆலைகளின் தலையில்.