ஆட்டம் முடிந்தும் அணையாத டிவி

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஜூலை என்றால் மழைதான். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதினால் பின்னேரம் மூன்று மணிக்கே லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்குள், லைட் போட வேண்டியிருக்கும். பாடசாலை விட்டு வந்து, தேத்தண்ணி குடித்து, நாவல் கொப்பியை விரிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியும் இந்த நாட்களில்தான் வருகிறது. லண்டனில் பகல் 1.30க்கு சென்டர் கோர்ட்டில் முதல் ஆட்டம் தொடங்கும்போது நமக்கு மாலை 6 மணி.

மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். தாத்தா காலத்து லயத்தைப் பற்றியது. எழுதும் நேரம் எங்கே போகிறது என்று சில மாதம் கவனித்துப் பார்த்தேன். டிவி பார்த்த ஒரு மணி நேரத்தைவிட, டிவியை நிறுத்திய பிறகு வரும் அரை மணி நேரம்தான் பெரிய இழப்பு. கொப்பி முன்னால் இருக்கும், பேனை கையில் இருக்கும், தலைக்குள் மட்டும் டிவி ஓடிக்கொண்டிருக்கும். எழுத ஆசைப்படும் தம்பி தங்கைகள் பலர் இதைத் தங்கள் சோம்பல் என்று நினைத்துக் குன்றிப்போகிறார்கள். சோம்பல் இல்லை. மூளை வேலை செய்யும் முறையே அப்படி.

ஒரு காட்சி எழுதுவதை எடுத்துக்கொள்வோம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணி பெயர் கூப்பிடுகிறார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தாத்தா பிந்தி வருகிறார். அவர் மடியில் ஒரு கடிதம் இருக்கிறது. அது கங்காணிக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். இத்தனையையும் ஒன்றாக மனதில் ஏந்திக்கொண்டுதான் அடுத்த வரியை எழுத முடியும். இப்படிக் கொஞ்ச நேரத்துக்கு ஏந்தி வைக்கும் திறனைச் செயல்நினைவு என்கிறார்கள். அது ஏறத்தாழ ஏழு விஷயங்களைத் தாங்கும் என்று 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் பல சோதனைகளை அலசிப் பார்த்து, உண்மையில் நான்குதான் என்றார். என் ஒரு காட்சிக்கே அது போதாது. வெளியிலிருந்து ஒன்று உள்ளே வந்தால் உள்ளே இருப்பதில் ஒன்று விழுந்துவிடும். எனக்கு எப்போதும் முதலில் விழுவது அந்தக் கடிதம்தான்.

வெளியிலிருந்து வருவதிலும் வித்தியாசம் இருக்கிறது. எங்கள் லயத்தில் காம்பரா என்னும் அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா டிவியில் நாடகம் போட்டால் ஒரு சொல் விடாமல் கேட்கும். தகரத்தில் விழும் மழை அதைவிடப் பெரிய சத்தம். ஆனாலும் மழையில் எழுத முடிகிறது, நாடகத்தில் முடிவதில்லை.

காரணம், நாம் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுகிறோம். அந்த உள்குரல் ஓடும் பாதையிலேயே மற்றவர் பேச்சும் வந்து ஏறிவிடுகிறது. 1976இல் கோல், வெல்ஷ் என்ற இருவர், எழுத்துகளை வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னால் புரியாத மொழியில் ஒருவர் வாசிப்பதை ஒலிக்கவிட்டார்கள். அர்த்தமே தெரியாத அந்தப் பேச்சும் நினைவைக் கெடுத்தது. பின்னர் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் டிலன் ஜோன்ஸ் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஒரே மாதிரி நீளும் ஒலி அவ்வளவாகக் குழப்புவதில்லை, கணத்துக்குக் கணம் மாறும் ஒலிதான் குழப்புகிறது. அடைமழை ஒரே சீராக இரைகிறது. அதோடு நாடகத்தின் பேச்சையும் மூடிவிடுகிறது. அதனால்தான் மழை பலத்தால் எனக்குச் சந்தோஷம்.

படத்தின் இழுப்பு வேறு வகை. திடீரென்று ஒன்று அசைந்தால் திரும்பிப் பார்ப்பது உயிர்களுக்குள்ள அனிச்சைப் பழக்கம். "என்ன அது?" என்ற அனிச்சை என்றே ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் அதைச் சொன்னார். நாடகத்தில் மருமகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டிலுள்ள ஒவ்வொரு முகத்துக்கும் கேமரா தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் அந்த அனிச்சை விழித்துக்கொள்கிறது. காட்சி மாறும் கணங்களில் பார்ப்பவரின் ஆல்பா மூளை அலை குறைவதை 1985இல் பைரன் ரீவ்ஸ் குழுவினர் அளந்து காட்டினார்கள். அந்த அலை குறைவது கவனம் விழித்துக்கொண்டதன் அடையாளம்.

சரி, டென்னிஸ்? அங்கே கேமரா அவ்வளவு தாவுவதில்லை. பேச்சும் குறைவு. ஆனால் என்னைக் கட்டிப்போடுவது அதுதான். காரணம், புள்ளி எண்ணும் முறை. 40-40 என்று சமமாகிவிட்டால் அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுத்தவருக்கே கேம் என்னும் அந்தச் சிறு சுற்று. பல கேம் சேர்ந்தது ஒரு செட். இருவரும் சம பலம் என்றால் அந்த நேரத்தில் வெற்றி வாய்ப்பு சரியாகப் பாதிக்குப் பாதி. ஒருவர் ஒரு புள்ளி எடுத்ததும் அவர் வாய்ப்பு நான்கில் மூன்றாகிறது. அடுத்ததை விட்டால் திரும்பவும் பாதி. ஓடிப்போன நிச்சயமின்மையை அந்த விதி திரும்பத் திரும்ப இழுத்து வருகிறது. கடிகாரமும் இல்லை. 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் ஆடிய ஒரே ஆட்டம் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் நீண்டது. கடைசி செட் மட்டும் 70-68 கேம்.

இந்தப் பாதிக்குப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. 2003இல் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழுவினர் குரங்குகளுக்கு ஒரு படத்தைக் காட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்துப் பழச்சாறு கொடுத்தார்கள். சில படங்களுக்குச் சாறு நிச்சயம், சிலவற்றுக்கு இல்லவே இல்லை, சிலவற்றுக்குக் கிடைத்தாலும் கிடைக்கலாம். காத்திருக்கும் அந்த இடைவெளியில் டோபமைன் என்னும், வெகுமதியோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. மிக அதிகமாக ஏறியது வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோது. குரங்கிலிருந்து மனிதனுக்கு அப்படியே தாவக்கூடாதுதான். ஆனால் 40-40இல் எழுந்துபோக முடியாமல் இருந்த எவருக்கும் இது புதுச் செய்தியாக இருக்காது.

பாதியில் எழுந்து வந்தால் என்ன ஆகும்? ஒரு வேலையிலிருந்து மறு வேலைக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோபி லெராய் 2009இல் எழுதினார். கவன மிச்சம் என்று அதற்குப் பெயர். முந்தைய வேலை முடியாமல் கிடந்தால் மிச்சம் கூடும். இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. ஆட்டத்தைப் பாதியில் விட்டால் ஆட்டம் கொப்பிக்குள் வரும். காட்சியைப் பாதியில் விட்டுப் போனால் ஆட்டத்தையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. லெராய் 2018இல் இன்னொருவரோடு சேர்ந்து இதற்கு ஒரு வழியையும் சோதித்தார். வேலையை விட்டு எழும் முன், எந்த இடத்தில் நிற்கிறோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வோம் என்று ஒரு நிமிடம் எழுதி வைத்தவர்களுக்கு மிச்சம் குறைந்தது. முடிக்காததை மூளை விடாமல் பிடித்திருப்பதற்கு மறந்துவிடுவோம் என்ற பயமும் ஒரு காரணம். தாளில் இறக்கி வைத்தால் பிடி தளர்கிறது.

போன வருடம் இதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு நாள் பின்னேரம் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நாடகம் காதில் விழவில்லை. ஒன்றரைப் பக்கம் ஓடிய பிறகு முன் பக்கத்திலிருந்து தம்பி கத்தினான்: "அண்ணே, டை பிரேக்! வாங்க!" சமமாக நிற்கும் செட்டை முடித்துவைக்கும் சுற்று அது. எழுந்துவிடத் தோன்றியது. அப்புறம் பேனையை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: "கடிதம் இன்னும் மடியில். மழையில் நனைகிறது. கங்காணி இரண்டாம் முறை பெயர் கூப்பிடுகிறார். தாத்தா பதில் சொல்லவில்லை. திரும்பி வந்ததும்: ஏன் சொல்லவில்லை?"

எழுதிவிட்டு டை பிரேக் பார்க்கப் போனேன்.